மீன் தொட்டி சொல்லும் சேதி

ஓய்வு பெற்றவர் வீட்டில் இப்போதெல்லாம் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிய மீன் தொட்டி. முதல் இரண்டைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

காலை நடையில் நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "சார், தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. ஆனா கண்ணாடியெல்லாம் பாசி, மீன் சோர்ந்து கிடக்கு. டெஸ்ட் கிட்ல நைட்ரேட் சிவப்பு காட்டுது. கடைக்காரர் ஒரு பாட்டில் மருந்து குடுத்தார், அடுத்த மாசம் இன்னொரு பாட்டில்." பாட்டிலுக்குச் செலவழிக்கும் முன் நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் என்பதுதான் என் கட்சி.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகின்றன. அது விஷம். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். வேறு வகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் ஆக்கும். இது அவ்வளவு கொடியதல்ல. ஆனால் தொட்டியை விட்டுப் போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை. 20 பிபிஎம்முக்குள் இருந்தால் நிம்மதி, 40ஐத் தாண்ட விடக்கூடாது என்பது மீன் வளர்ப்பவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு.

வீட்டு வைத்தியம் எளிது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுங்கள். பேரன் ஒரு பிடி, பாட்டி ஒரு பிடி என்று ஆளுக்கொரு வேளை போட வேண்டாம். வாரம் ஒருமுறை குழாய் வைத்து அடிமண் அழுக்கோடு கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் நல்ல பாக்டீரியாக்கள் செத்துவிடும். மணி பிளாண்ட் கொடியின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிட்டால் அதுவும் நைட்ரேட்டைக் கொஞ்சம் உறிஞ்சும். நைட்ரேட் எவ்வளவு ஏறியிருந்தாலும் ஒரே நாளில் முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள். மீன் அந்த அதிர்ச்சியைத் தாங்காது.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் இறங்கவில்லையா? அப்படியானால் தொட்டியை விட்டுவிட்டு, ஊற்றுகிற போர் தண்ணீரையே சோதியுங்கள். ஒரு சின்னக் கணக்கு. தொட்டியில் 80 இருக்கிறது. நைட்ரேட்டே இல்லாத தண்ணீரால் கால் பங்கை மாற்றினால் 60 ஆகும். போர் தண்ணீரிலேயே 40 இருந்தால் 70தான் ஆகும். ஆயுள் முழுக்க மாற்றினாலும் 40க்குக் கீழே வராது.

போர் தண்ணீரில் நைட்ரேட் எப்படி வந்தது? வயல் பக்கமென்றால் யூரியா. நம் புறநகர் நகர்களில் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. பாதாளச் சாக்கடை வராத தெருவில் அரை கிரவுண்டு மனை. ஒரு மூலையில் செப்டிக் டேங்க், மறு மூலையில் போர். நடுவில் இருப்பது மண் மட்டும்தான்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். "நாங்க கேன் தண்ணிதானே குடிக்கிறோம்" என்பார்கள். சரி, சோறும் சாம்பாரும் எதில் கொதிக்கிறது? காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருந்தால் இது விளையாட்டில்லை. மிகுந்த நைட்ரேட் கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைத்து, உடலை நீலம் பாரிக்க வைக்கும்.

தொட்டிக்குத் தீர்வு உண்டு. ஆர்.ஓ. தண்ணீரைப் போர் தண்ணீரோடு கலந்து ஊற்றலாம். தனி ஆர்.ஓ. தண்ணீரில் மீனுக்கு வேண்டிய தாதுக்கள் இருக்காது என்பதால்தான் கலக்கச் சொல்கிறேன். ஆனால் குடும்பத்துக்கு? மீன் கடைக் கிட் ஒரு துப்புதான் கொடுக்கும். முடிவாகத் தெரிந்துகொள்ள, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

நம் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் கேமராவும் பார்க்கிங்கும் பேசியே இரண்டு மணி நேரம் ஓடுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், தெருவுக்கு இரண்டு போரையாவது சோதித்து அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். எண் கையில் இருந்தால்தான் பாதாளச் சாக்கடை கேட்டு மனு எழுதும்போது வலு இருக்கும்.