மூணாவது பேரிங்

லாரி ரிப்பேரைப் பத்தி எழுதினா யார் படிப்பாங்கன்னு ரெண்டு மாசமா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. ஆனா இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லாம விட்டா மனசு கேட்காது, அதனால எழுதிடறேன். கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும், பொறுத்துக்குங்க :-)

எங்க மாமாவுக்கு ஒரே ஒரு லாரி. நாமக்கல் பக்கத்துல அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை, தெருவுக்கு நாலு பேர் இந்தத் தொழில்லதான் இருக்காங்க. மாமாவுக்கு முட்டி வலி வந்ததுல இருந்து வண்டியில ஏறுறதில்லை. பதினோரு வருஷமா கூட இருக்கிற டிரைவர் அண்ணன்தான் ஓட்டுறார். ஞாயித்துக்கிழமை கணக்கு நோட்டு எழுதுறது என் வேலை. டீசல், டோல், டயர், பட்டறைச் செலவு எல்லாம் என் கையெழுத்துதான்.

போன வருஷம் அந்த நோட்டுல ஒரே வரியை மூணு தடவை எழுதினேன். "இடது முன்சக்கரம், வீல் பேரிங் செட், ஆயில் சீல், கூலி." மூணாவது தடவை எழுதறப்பகூட எனக்கு எந்தச் சந்தேகமும் வரலைங்க. பேரிங் தேயுற பொருள், தேஞ்சா மாத்துறோம், அவ்ளோதான்னு நெனச்சேன்.

டிரைவர் அண்ணன் மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டே இருந்தார். "ஏனுங்க தம்பி, தொப்பூர் இறக்கத்துல பிரேக்கை மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்குதுங்க. உள்ள இருந்து உறுமற மாதிரி ஒரு சத்தம் வருது." தருமபுரியில இருந்து சேலம் வர்ற வழியில தொப்பூர் கணவாய் எப்படிப்பட்ட எடம்னு அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்பத்தானே புது பேரிங் போட்டோம், ஓடி செட் ஆகட்டும்ணா." ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு சொன்னேன்.

கடைசியா மாமாவே வேற பட்டறைக்கு வண்டியை விடச் சொன்னார். அங்க ஒரு பெரியவர். அவர் செஞ்சதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

எடுத்த உடனே அவர் ஸ்பேனரைத் தொடலை. முதல்ல டிரைவரைக் கூப்பிட்டு அஞ்சு நிமிஷம் கேள்வி கேட்டார். எந்த வேகத்துல சத்தம் வருது, வளைவுல கூடுதா குறையுதா, லோடு இருக்கறப்பவா காலி வண்டியிலயா. அப்புறம் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்டு வச்சார். டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். ஆட்டம் இருந்தது. உடனே பையனை ஏறி பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டினார். ஆட்டம் காணாமப் போச்சு. "பிரேக் பிடிச்ச பிறகும் ஆடினா கிங்பின். பிடிச்சதும் நின்னுட்டா ஆட்டம் ஹப்புக்குள்ள"ன்னார். எந்த மெஷினும் இல்லாம ரெண்டு நிமிஷத்துல கிடைச்ச பதில்.

ஹப்பைக் கழட்டினதும் பிரேக் லைனர்ல கிரீஸ் படிஞ்சிருந்தது. வண்டி ஏன் இழுத்துச்சுன்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. பேரிங் ரோலர் எல்லாம் சூட்டுல நீலம் பாரிச்சு இருந்துச்சு. நான் "பார்த்தீங்களா, பேரிங்தான்"னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவர் ஹப்புக்குள்ள இருந்த கப்பைக் கட்டைவிரலால தள்ளினார். அது அப்படியே கையோட வந்துடுச்சு.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். லாரி முன்சக்கர ஹப்புல உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். ரோலரோட இருக்கிற கோன் ஆக்சில் மேல உக்காரும். அது ஓடுற கப்பு ஹப்புக்குள்ள இறுக்கமா உக்காரணும். பித்தளைக் கம்பி வச்சு சுத்தி சுத்தி அடிச்சுத்தான் இறக்கணும், அடியில போய் உக்காந்ததும் சத்தத்தோட தொனி மாறும். விரலுக்கே வருதுன்னா ஹப்போட துளை தேஞ்சு பெருசாயிடுச்சுன்னு அர்த்தம். என்னைக்கோ ஒரு பேரிங் கிரீஸ் இல்லாம இறுகி, கப்பையும் சேர்த்துச் சுத்த விட்டிருக்கு. கப்பு கெட்டியான எஃகு, ஹப்பு அதைவிட மெதுவான வார்ப்பு. சுத்தச் சுத்த துளையைத் தின்னுடுச்சு. அதுக்கப்புறம் எந்தக் கம்பெனி பேரிங் போட்டாலும் ஆடுற நாற்காலியில உக்கார்ற கதைதான். நாங்க போட்ட ரெண்டாவது, மூணாவது பேரிங் ரெண்டும் தானாத் தேயலை, ஹப்பு கொன்னுடுச்சு.

அதைவிடக் கொடுமை, துளையோட உள்சுவர்ல புள்ளி புள்ளியா சென்டர் பஞ்ச் அடிச்ச தடம் இருந்தது. புள்ளி வச்சா விளிம்பு கொஞ்சம் எழும்பும், கப்பு தற்காலிகமா பிடிச்சுக்கும். அப்படீன்னா முந்தி பார்த்தவருக்கு ஹப்பு போயிடுச்சுன்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு. நம்மகிட்ட சொல்லலை. ஏன் சொல்லலைன்னு யோசிச்சுப் பார்த்தேன். முதல் தடவை பில்லைப் பார்த்துட்டு "இவ்வளவா?"ன்னு போன்ல கத்தினது நான்தான். அப்படிக் கத்துறவன்கிட்ட யாருங்க புது ஹப்பு வாங்கணும்னு சொல்லுவாங்க?

நடுரோட்டுல, ராத்திரியில, ஊர் வந்து சேர பஞ்ச் அடிக்கிறதை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாத ஊர்ல ரோட்டோரமா நிக்கிற டிரைவருக்கு அதுதான் வழி. ஆனா அது வீடு வந்து சேரத்தான். அதையே ரிப்பேர்னு பில்லு போட்டு, மேல லோடு ஏத்தி அனுப்பறது வேற விஷயம். ரெண்டு டயர் இருக்கிற முன் ஆக்சிலுக்கு சட்டம் அனுமதிக்கிற எடை 2018-ல 6 டன்ல இருந்து 7 டன்னாச்சு. ஒரு பக்க ஹப்பு மேல மூணரை டன். அந்த எடை நாலு பஞ்ச் புள்ளியை எத்தனை நாள் விட்டு வைக்கும்?

பெரியவர் அதோட நிறுத்தலை. ஆக்சிலைத் துடைச்சு, கோன் உக்கார்ற இடத்துல படி விழுந்திருக்கான்னு நகத்தால தடவிப் பார்த்தார். அது தேஞ்சிருந்தா புது ஹப்பும் வீண்தான்னார். நல்லவேளை, அது சரியா இருந்தது. புது ஹப்பு, புது பேரிங் (கப்பும் கோனும் ஒரே செட்டா), புது சீல், புது லைனர். பழைய கிரீஸ் மேல புது கிரீஸைப் பூசலை, மொத்தத்தையும் கழுவிட்டு உள்ளங்கையில கிரீஸை வச்சு ரோலர் இடுக்கெல்லாம் நிறையற மாதிரி அழுத்தினார். நட்டை ஹப்பைச் சுத்திக்கிட்டே இறுக்கி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தி, டயல் கேஜ் வச்சுப் பார்த்தார். இந்த மாதிரி பேரிங்குக்கு 0.025-ல இருந்து 0.127 மில்லிமீட்டர் வரைக்கும்தான் ஆட்டம் இருக்கலாம். முழுசா இறுக்கினா சூடேறி எரியும், அதிகமாத் தளர்ந்தா ஆடிச் சாகும். கடைசியா புது பின் போட்டு மடக்கினார். "நூறு கிலோமீட்டர் ஓடினதும் வீல் நட்டை ஒரு தடவை இறுக்கிப் பாருங்க"ன்னு டிரைவர்கிட்ட சொன்னார், என்கிட்ட இல்லை.

அன்னைக்கு ராத்திரி நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மூணு பேரிங் செட், மூணு சீல், மூணு கூலி, வண்டி நின்ன நாளோட வாடகை. புது ஹப்பு விலையை எப்பவோ தாண்டியிருந்தது. மிச்சம் பிடிக்கிறேன்னு நெனச்சு நான் செலவு பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். காசு போனாப் போகுது. தொப்பூர் இறக்கத்துல ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நான் இல்லையே.

என் கருத்து இதுதாங்க. ஒரே பொருள் பில்லுல ரெண்டாவது தடவை வந்தா, குத்தவாளி அந்தப் பொருள் இல்லை. அது உக்கார்ற எடத்தைப் பாருங்க. அதுக்கும் முன்னாடி, வண்டி ஓட்டுறவர் சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க. அவருக்கு முதல்ல தெரியும், ஏன்னா அடி விழுந்தா முதல்ல விழுறது அவர் மேலதான்.

டிரைவர் அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். "விடுங்க தம்பி, இப்ப கை விட்டாலும் நேராப் போகுது"ன்னு சிரிச்சார். கையை மட்டும் விட்டுடாதீங்கண்ணான்னு சொல்லிட்டு வந்தேன்.

உங்க வீட்டு பைக்கோ, தண்ணி மோட்டாரோ இப்படி ஒரே பார்ட்டை திரும்பத் திரும்பத் தின்னிருந்தா, கடைசியில எது காரணம்னு சொல்லுங்க. தெரிஞ்சுக்கறேன்.