மூளை ஆராய்ச்சிக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

மானேசர் என்ற பெயரைக் கேட்டதும் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிலாளர்களுக்கு மாருதி ஆலைதான் நினைவுக்கு வரும். 2011-12இல் அங்கே நடந்த போராட்டத்தை இங்கே தேநீர்க் கடைகளில் எங்கள் ஊர்ச் சேதியைப் போலவே பேசினோம். அதே வகைக் கார் ஆலைகள், அதே ஒப்பந்த முறை, நிலம் கொடுத்த ஊர்களுக்கு அதே துப்புரவு வேலையும் காவல் வேலையும்.

அந்த மானேசரில் இன்னொரு நிறுவனமும் இருக்கிறது: தேசிய மூளை ஆராய்ச்சி மையம். ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்குகிறது. 2002இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, நரம்பறிவியலில் முனைவர் பட்டப் பயிற்சி அளித்து வருகிறது. மூளையைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் மாணவருக்கு நாட்டில் இருக்கும் முக்கியமான வாசல்களில் ஒன்று. அந்த வாசலில் நமக்கு உரிமை கிடையாது என்று சட்டமே எழுதி வைத்திருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2006ஆம் ஆண்டின் ஒன்றியக் கல்வி நிறுவனங்கள் இடஒதுக்கீட்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் என்கிறது 3ஆம் பிரிவு. பிற்படுத்தப்பட்டோர் இடத்தை எதிர்த்து டெல்லி மருத்துவ மாணவர்கள் சாலையில் இறங்கினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, 2008 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நாமும் கொண்டாடினோம். அடுத்த 4ஆம் பிரிவைத்தான் யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. 'உயர் சிறப்பு நிறுவனங்கள்', 'தேசிய, கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள்' என்று சிலவற்றை ஓர் அட்டவணையில் போட்டு, 3ஆம் பிரிவு இவற்றுக்குப் பொருந்தாது என்று சொல்லும் பிரிவு அது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும் இருக்கின்றன. நம் பக்கத்துக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், மும்பையின் டாடா புற்றுநோய் மையம் எல்லாம் அந்த உறுப்பு நிறுவனங்களில் வருபவை. மானேசர் மூளை மையத்துக்கோ தனியாகவே ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள்.

அணுகுண்டு ரகசியம் என்று ஒரு சாக்கு சொல்லலாம் (அதற்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்பது வேறு கேள்வி). மூளை ஆராய்ச்சியில் என்ன ரகசியம்? பக்கவாதமும் வலிப்பும் மறதி நோயும் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தா? ஒரு சேரிப் பெண் நுண்ணோக்கியில் எலியின் மூளைச் சீவலைப் பார்த்தால் எந்த எல்லை உடைந்துவிடும்?

மாணவர் சேர்க்கையோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. 2019இல் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. அதன் விதிவிலக்கு அட்டவணையிலும் இதே மூளை மையம். ஆக, ஆய்வு மாணவராகவும் சட்டப்படி உரிமை கேட்க முடியாது, வழிகாட்டியாகவும் கேட்க முடியாது. நிறுவனம் தானாக மனது வைத்து இடம் தரலாம், தராமலும் போகலாம். தயவு வேறு, உரிமை வேறு என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஒரகடத்தை ஒட்டிய ஒரு காலனியில் பிறந்து, உயிரியல் படித்து, இப்போது மாலை நேரங்களில் எங்கள் படிப்பகத்தில் முதுநிலை மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வுப் பாடம் எடுக்கிறேன். நெட், கேட் போன்ற எழுத்துத் தேர்வுகளை எங்கள் பிள்ளைகள் தாண்டிவிடுகிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்து படித்துத் தாண்டியவர்களும் உண்டு. அவர்கள் விழுவது அதற்கு அடுத்த இடத்தில்.

முனைவர் பட்டப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் விழுகிறார்கள் என்பது புரியும். பல ஆய்வு நிறுவனங்களில் முதல் ஆண்டு வகுப்புப் பாடம். அதோடு இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் சுழற்சி முறையில் வேலை. அதன் பிறகுதான் மாணவர் வழிகாட்டியையும் வழிகாட்டி மாணவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க நியாயமான ஏற்பாடுதான். ஆனால் உள்ளே வர ஒரு நேர்காணல், வழிகாட்டி கிடைக்க ஒரு சம்மதம். இந்த இரண்டு வாசலிலும் மதிப்பெண்ணைவிட 'இவர் நமக்குச் சரிப்படுவாரா' என்ற பார்வைதான் ஆளுகிறது. ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் என்னிடம் ஆய்வைப் பற்றிக் கேட்டது இரண்டே கேள்வி. மீதி நேரம் அப்பா என்ன வேலை பார்க்கிறார், இந்த ஊர் எங்கே இருக்கிறது, ஐந்து வருடம் தாக்குப் பிடிப்பாயா என்பதிலேயே போனது. எதிரில் இருந்த ஐந்து பேரில் ஒருவர்கூட குரலை உயர்த்தவில்லை, எல்லாம் கனிவாகவே நடந்தது. எனக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

சட்டம் பொருந்தும் இடங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? ஐஐடிகளுக்கு முனைவர் பட்டச் சேர்க்கையில் விதிவிலக்கு கிடையாது. ஆனாலும் ஒன்றியக் கல்வி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, 2015 முதல் 2019 வரை எல்லா ஐஐடிகளிலும் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு. 15க்கு 9, 7.5க்கு 2. தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்பார்கள். அந்தத் தகுதியை அளந்தது மூடிய அறை நேர்காணல் என்பதைச் சொல்ல மாட்டார்கள். டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையிலான குழு இதைத்தான் ஆராய்ந்தது. எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் இடையே மதிப்பெண்கள் சமூகப் பின்னணிக்கு ஏற்ப மாறுவதைக் கண்டு, நேர்காணல் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கச் சொன்னது. அதைக் கேட்காமல், பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் போட்ட விதி நேர்காணலையே எல்லாமாக்கியது. சேலத்துத் தோழர் முத்துகிருஷ்ணன், ஆய்வுச் சேர்க்கையிலும் நேர்காணலிலும் சமத்துவம் இல்லை என்று எழுதிவிட்டு 2017 மார்ச்சில் நம்மை விட்டுப் போனார்.

சரி, நாலு பேருக்கு இடம் கிடைக்காததா இவ்வளவு பெரிய பிரச்சினை? வேலைவாய்ப்புக் கணக்காக மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, யார் கேள்வி கேட்கிறார்கள் என்பது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. படுக்கைகளின் எண்ணிக்கையை எல்லா நாளேடுகளும் எழுதின. அந்தப் படுக்கைகளில் இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி வரும் பெண்களின் தூக்கம் என்ன ஆகிறது? மூளைக்குள் இருக்கும் நேரக் கடிகாரம் என்ன ஆகிறது? ஒரே சிறு அசைவை நாள் முழுக்கச் செய்யும் கையில் மணிக்கட்டு நரம்பு நசுங்கும், விரல் மரத்துப் போகும். வெல்டிங் புகையில் உள்ள மாங்கனீசு அளவுக்கு மீறிச் சேர்ந்தால் பார்க்கின்சன் நோயைப் போன்ற நடுக்கமும் விறைப்பும் வரும். பாடநூலில் உள்ள சேதிதான் இவை. எங்கள் தெருவில் கை மரத்துப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற எண்ணம், அந்தத் தெருவிலிருந்து போன ஆய்வாளருக்கு வருவதுபோல் இன்னொருவருக்கு வருமா?

ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. கார் மோதல் சோதனையில் பொம்மையின் தலைக்குள் உணரிகளை வைத்து, அடி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளப்பார்கள். வேண்டிய வேலைதான். வெளியே அதே சாலையில் ஷிப்ட் முடிந்து இரு சக்கர வண்டியில் வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தலையில் அடிபட்டால், உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகு அவர் நினைவு எப்படி இருக்கிறது, மறுபடி வேலைக்குப் போக முடிகிறதா என்று வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுக்கும் அதே அக்கறை வேண்டும்.

நாம் ஆராய்ச்சிக்கு வெளியே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளேதான் இருக்கிறோம், மேசையின் மறுபக்கத்தில். 2009-10இல் கம்மத்திலும் வதோதராவிலும் பழங்குடிச் சிறுமிகள் உட்படப் பல்லாயிரம் பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் போட்டு ஒரு ஆய்வு நடந்தது. பல சிறுமிகளின் ஒப்புதல் படிவத்தில் பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் திட்டத்தைத் தீட்டிய அறையில் ஒரு பழங்குடி ஆய்வாளர் உட்கார்ந்திருந்தால் அந்தப் படிவம் அப்படியே போயிருக்குமா?

2020இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் முதல் அணி இப்போது மருத்துவர்களாகிறது. அடுத்து எங்கே போவார்கள்? நரம்பியல் போன்ற உயர் சிறப்புப் படிப்புகளில் இடஒதுக்கீடு கூடாது என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆராய்ச்சிப் பக்கம் போகலாம் என்றால் அங்கே அட்டவணை. ஒரகடத்தில் மருத்துவக் கருவிகள் பூங்கா அமைக்க 2021இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. அந்தக் கருவிகளைப் பொருத்தும் கைகள் எங்களுடையதாக இருக்கும், சந்தேகமில்லை. வடிவமைக்கும் ஆய்வு மாணவர்களில் எங்கள் பிள்ளைகளுக்கு இத்தனை இடம் என்று நிலம் ஒதுக்கும்போதே நிபந்தனை போட மாநில அரசுக்கு என்ன தயக்கம்?

நேர்காணல் மதிப்பெண்ணையும் துறைவாரிச் சேர்க்கைக் கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று நாம் பல காலமாகக் கேட்டு வருகிறோம். அதோடு இந்த அட்டவணையையும் இனி கையில் எடுக்க வேண்டும். அதை மாற்றப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டே ஒன்றிய அரசு அதைத் திருத்தலாம் என்று அந்த 4ஆம் பிரிவே சொல்கிறது. காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. அடுத்த கூட்டத்தொடரில் மூளை மையத்தின் பெயர் அந்த அட்டவணையில் ஏன் இருக்கிறது என்று கேட்கச் சொல்லி, எங்கள் படிப்பகத்திலிருந்து உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தில் இதுவரை 61 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.