பெயர்த்தெடுத்தலில் வேகமும் இடைச்செருகலும்

இசைக் குறுந்தகடுகளைக் கணினியில் ஏற்றுவது பற்றி நண்பர்கள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வேலை ஆமை வேகத்தில் நடக்கிறது, நினைவகத்தைக் கூட்டலாமா, புதிய செயலி வாங்கலாமா?" தமிழாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா இது என்று அன்பர்கள் வியக்கலாம். நம் துறை அலமாரியில் சொற்பொழிவுகளும் பண்ணிசையுமாக இருநூறுக்கு மேற்பட்ட தகடுகள் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றும் பணி நம் தலையில் விழுந்தது. அதனால் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டா என்பதே நம் விடை.

இச்செயலுக்கு ஆங்கிலத்தார் 'ரிப்' என்று பெயரிட்டனர்; கிழித்தல் என்று பொருள்படும் சொல் அது. நாம் 'பெயர்த்தெடுத்தல்' என்றே ஆள்கிறோம். ஏடு பெயர்த்தெழுதிய மரபினருக்கு அச்சொல் அயலன்று. (தகட்டுக்கு ஈழத்தார் வழங்கும் 'இறுவட்டு' என்னும் பெயரும் நமக்கு உவப்பானதே.)

கணக்கைப் பார்ப்போம். ஒலித்தகட்டிலிருந்து நொடிக்கு 1,76,400 பைட்டுகள் வெளிவந்தால் அது இயல்பான வேகம், அதாவது பாட்டைக் கேட்கும் வேகம். 52 மடங்கு என்று முகப்பில் பொறித்த டிரைவும் அவ்வேகத்தைத் தகட்டின் வெளிவிளிம்பில்தான் எட்டும். பதிவு தொடங்கும் உள்விளிம்பில் அதில் பாதிகூட வராது. உச்ச வேகத்திலும் நொடிக்கு ஏறத்தாழ 92 லட்சம் பைட்டுகளே. இருபது ஆண்டுப் பழைய வன்தட்டுக்கும் இது பெருஞ்சுமையன்று. ஆகவே நெரிசல் செயலியில் இல்லை, டிரைவின் லென்ஸ் முனையில் இருக்கிறது. செயலிக்கு வேலை வருவது பெயர்த்த ஒலியைச் சுருக்கும்போதுதான்; இன்றைய கணினி ஒரு மணி நேரப் பதிவை ஒரு நிமிடத்திற்குள் சுருக்கிவிடும்.

ஒரு விலக்கு உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி இன்னும் சில துறைகளில் உயிரோடு இருக்கிறது. கீறல் தகடுகளால் ஆறு பிழைகள் சேர்ந்ததும் எக்ஸ்பி அந்த டிரைவுக்குரிய வழியை ஒரு படி தாழ்த்தும். தாழ்ந்து தாழ்ந்து, ஒவ்வொரு துணுக்கையும் செயலியே சுமந்து வரும் நிலைக்கு வந்துவிடும். அப்போது கணினி முழுவதும் திணறும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. தடத்தை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடக்கினால் பழைய வேகம் மீளும். இதற்காகப் புதுக் கணினி வாங்கியவர்களை நாம் அறிவோம்.

ஆனால் வேகம் இங்கே இரண்டாம் பொருள். நமக்கு முன்பே நம் தகடுகளில் முப்பதைத் துறையினர் வெளியாரிடம் கொடுத்திருந்தனர். ஒரே நாளில் முடிந்து வந்தன. கேட்டால், இடையிடையே 'டிக்' என்னும் ஓசை. சில இடங்களில் சொல்லின் முனை மழுங்கியிருந்தது. காரணம் தகட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. தரவுத் தகட்டின் ஒவ்வொரு 2,352 பைட்டுப் பகுதியிலும் 2,048 மட்டுமே தரவு. எஞ்சியவற்றில் பெரும்பகுதி பிழை கண்டு திருத்துவதற்கு. ஒலித்தகட்டிலோ 2,352 பைட்டும் ஒலியே. அந்தக் கூடுதல் காவல் அதற்கில்லை. அடிப்படைத் திருத்தமும் தோற்கும் இடத்தில் டிரைவ் பெரும்பாலும் என்ன செய்கிறது? அக்கம்பக்கத்து ஒலியைப் பார்த்து இடைவெளியைத் தானே இட்டு நிரப்பிவிடுகிறது. செல்லரித்த ஏட்டில் தன் ஊகத்தை எழுதிச் சேர்த்த எழுத்தாளனுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? பதிப்பியலில் நாம் இடைச்செருகல் என்கிறோம். பொறியியலாரும் இதற்கு அதே பொருள்படும் சொல்லையே ஆள்கின்றனர்.

பரிகாரமும் பதிப்பியலுக்கு உரியதுதான்: ஒப்புநோக்கல். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் மென்பொருள் தன் பாதுகாப்பு முறையில் ஒவ்வொரு பகுதியையும் இருமுறை படித்து ஒப்பிடுகிறது. வேறுபட்டால் மீண்டும் படிக்கிறது. 16 வாசிப்புகளில் 8 ஒன்றுபட்டால்தான் பாடத்தை ஏற்கிறது. லினக்ஸில் சிடிபாரனாய்யா இத்தகைய பணியைச் செய்கிறது. ஒரு சூழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். மறுபடி படி என்றால், தகட்டைத் தொடாமலே முன்பு தேக்கி வைத்ததை நீட்டும் டிரைவுகள் உண்டு. ஏட்டைப் பாராமல் மனப்பாடத்தை ஒப்பிக்கும் மாணவனைப் போல! அந்தத் தேக்கத்தைத் தவிர்க்கும் அமைப்பை மென்பொருளில் இயக்கிக்கொள்வது நல்லது.

கடையில் விற்ற இசைத்தகடானால் அக்யுரேட்ரிப் வழியே உலகில் பிறர் பெயர்த்த படிகளோடு நம் படியையும் ஒப்பிடலாம். அறிஞர் ஒருவர் நம் மன்றத்தில் பேசியது ஒரே தகட்டில்தான் இருக்கிறது. அதுவும் வீட்டுக் கணினியில் எழுதிய வகை. சாயப்பூச்சு ஆண்டுதோறும் மங்கிக்கொண்டே போகிறது. பேசியவர் இன்று இல்லை. இத்தகைய தகட்டை 8 மடங்கு வேகத்துக்கு இறக்கி, ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று விடுவதே முறை. நாளொன்றுக்கு இத்தனை தகடு என்று இலக்கு வைப்போர் இவற்றைத் தொடாதிருப்பது நலம்.

காலம் மிச்சமாக வேண்டுமானால் இரண்டாவது டிரைவ் ஒன்றை இணைத்து இரு தகடுகளை ஒருங்கே ஓட்டலாம். நாம் அப்படித்தான் செய்கிறோம். யு.எஸ்.பி. டிரைவைக் கிளைப்பெட்டியில் செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகினால் மின்சாரம் குறைந்து தடுமாறாது. பெயர்த்த கோப்பை எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அழித்தல் கூடாது; 2001 முதல் கிடைக்கும் ஃபிளாக் வடிவம் எதையும் இழக்காமலே கோப்பைச் சுருக்கித் தருகிறது. எம்பி3 படியை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. மென்பொருள் இறுதியில் தரும் குறிப்புக் கோப்பைப் பலர் குப்பையில் போடுகின்றனர். எத்தடத்தில், எத்தனையாவது நொடியில் வாசிப்பு ஐயத்துக்குரியது என்பது அதில்தான் இருக்கிறது. நம் தகடுகளில் பதினொன்றுக்கு அத்தகைய ஐயங்கள் உள்ளன. அக்குறிப்புகளை ஒலிக்கோப்புகளோடு அதே அடைவில் வைத்திருக்கிறோம்.