சூப்பியும் இரவுத் தூக்கமும்

சூப்பியோடு உறங்கப் பழகிய குழந்தை, அது நழுவியதும் விழித்து அழுதல் இயல்பே. கைக்குழந்தையின் உறக்கம் ஏறக்குறைய மணிக்கொருமுறை இலேசாகும். அவ்வேளை வாயிற் சூப்பி இல்லையெனின் அழைப்பு தாய்க்குத்தான்! அயர்ந்து உறங்கும்போது விழுந்ததை மீண்டும் வைக்க வேண்டியதில்லை. ஏழெட்டு மாதமானால் குழந்தை தானே தேடியெடுக்கும். தாய்மாரே, பகலில் அதை வாயில் வைக்காது கையிற் கொடுத்துப் பழக்குங்கள். இரவில் இரண்டு மூன்றைக் கைக்கெட்ட இடலாம். ஆனால், நூலிற் கோத்துக் கழுத்தில் மாட்டுவது பேராபத்து. உறக்கத்தில் கழுத்தை இறுக்கிவிடும். பாட்டிமார் சொற்படி தேன் தடவுவதும் வேண்டாம். தேனிற் சிலவேளை இருக்கும் கிருமி, ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். சூப்பியை முற்றாக நிறுத்த ஆறு மாதத்துக்கு முன் அவசரம் வேண்டாம். பின்னர் நிறுத்துவோர் சில இரவுகள் அருகிருந்து தட்டிக்கொடுக்கவேண்டி வரும்.