பத்தியம் தவறிய மறுநாள்

சர்க்கரை வியாதிக்காரருக்கு ஆபத்தான நாள் எது என்று கேட்டால் தீபாவளி என்பார்கள். கல்யாண வீடு என்பார்கள். என்னைக் கேட்டால் அதற்கு மறுநாள்தான் என்பேன்.

விருந்தன்று நடந்தது என்ன? ஒரு லட்டு, ஒரு ஜாங்கிரி, இலையில் இரண்டாம் முறை விழுந்த பாயசம். அதனால் ஏறிய சர்க்கரை, வழக்கமான மாத்திரையும் வழக்கமான சாப்பாடும் தொடர்ந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் காலையில் மனிதர் செய்வதுதான் விபரீதம். சிலர், "பத்தியம்தான் போயிற்றே, இனி என்ன?" என்று டப்பாவில் மிச்சமிருப்பதையும் காலி செய்கிறார்கள். சிலர் பிராயச்சித்தமாகப் பட்டினி கிடக்கிறார்கள். வேறு சிலர் தாங்களே டாக்டராகி மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள்கிறார்கள். இவர்களையெல்லாம் விட அதிகம் பேர், டாக்டர் திட்டுவாரே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். லட்டு செய்யாத கெடுதலை இவை செய்துவிடுகின்றன.

இது ஏதோ நாலு பேர் சங்கதி அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று அது கணக்கிட்டது. பெரியவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு மேல். நகரவாசிகளிடம் அது இன்னும் அதிகம். காலை ஏழு மணி லோக்கலில் ஒரு பெட்டியில் நெருக்கியடித்து நிற்பவர்களில் எத்தனை பேர் சட்டைப்பையில் மாத்திரைப் பட்டை இருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மும்பையில் நம்மவருக்குச் சோதனை இரட்டிப்பு. பொங்கல், தீபாவளி, ஆடிக் கொடை என்று நம் பண்டிகைகள் ஒரு பக்கம். கணபதிக்கு மோதகம், சங்கராந்திக்கு எள்ளுருண்டை, ஆபீசில் யாருக்காவது பிரமோஷன் என்றால் பேடா என்று இந்த ஊர்ப் பண்டிகைகள் மறு பக்கம். போதாததற்கு ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு ரயிலிலும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள். அல்வா இருக்கும், பால்கோவா இருக்கும், எழுபது வயதுத் தாயார் அடுப்படியில் நின்று சுட்ட அதிரசம் இருக்கும். அதை வேண்டாம் என்று சொல்ல எந்த டாக்டர் சீட்டும் துணைக்கு வராது. வருஷத்துக்கு ஒரு முறை ஊர் போகிறவன் தாயார் கையால் ஒரு அதிரசம் தின்பதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், இங்கே ஒரு கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊர் போய்ப் பத்து நாள் இருந்து திரும்பினார். வழக்கமாகப் போகும் மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த டாக்டர், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழ, "நாக்கை அடக்கத் தெரியாதவனுக்கு மருந்து எதற்கு?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு அவர் அங்கே போவதை நிறுத்தினார். மாத்திரை தீர்ந்தது, வாங்கவில்லை. ஏழு மாதம் கழித்துச் செருப்புக் கடித்த புண் ஆறாமல் போய், கால் விரல் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. பத்து நாள் கல்யாணச் சாப்பாடு அந்த விரல்களைத் தின்னவில்லை. ஏழு மாத வெட்கம்தான் தின்றது.

மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு பரிசோதனை உண்டு. ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கிறது. அதில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடுகிறார்கள். ஏழு சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பது பலருக்கும் பொதுவாகச் சொல்லும் கணக்கு. தொண்ணூறு நாளில் ஒரு நாள் தவறினால் அந்தச் சராசரி அதிகம் அசையாது. அதேபோல, பரீட்சைக்கு முந்தின இரவு படிக்கிற பையன் மாதிரி, ரத்தம் கொடுப்பதற்கு முன் மூன்று நாள் மட்டும் கஞ்சி குடித்துக் கிடப்பவரையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே கவலைப்பட வேண்டியது தினசரிப் பழக்கத்தைப் பற்றித்தான். தீபாவளி லட்டைப் பாவம் என்று நினைப்பவர், டீக்கடைக் கட்டிங்கைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு கட்டிங்கில் ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐந்து கட்டிங் என்றால் ஏழரைத் தேக்கரண்டி, சுமார் 30 கிராம். மாதத்துக்கு 26 வேலை நாள். முக்கால் கிலோவுக்கு மேல் ஆகிறது! எந்த லட்டு இதற்கு ஈடாகும்?

இதோடு சேர்ந்து சில தப்பெண்ணங்கள் வேறு. வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் ஏற்றாது என்பது ஒன்று, ஏற்றும். சோற்றை விட்டுவிட்டோம் என்று ஆறு சப்பாத்தி தின்பது இன்னொன்று. கோதுமையும் மாவுதான், அளவுதான் பேச்சு. உபவாச நாளில் இந்த ஊரார் சாப்பிடும் ஜவ்வரிசிக் கிச்சடியை விரத உணவு என்று நம்மவரும் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். நம் சேலத்து மரவள்ளிக்கிழங்கு மாவுதான் அது என்பது மறந்துபோகிறது.

பட்டினிப் பிராயச்சித்தத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை போடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். மாத்திரையை இரட்டித்தால் கேட்கவே வேண்டாம். கல்யாணிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் சிக்னல் கோளாறு என்று வண்டி நின்றால் இறங்கவும் முடியாது. அந்தக் கூட்டத்தில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் பக்கத்திலிருப்பவர் குடித்திருக்கிறான் என்பார். பையில் நாலு பொட்டலம் சர்க்கரை வைத்திருப்பது அவசியம். மூன்று தேக்கரண்டி வாயில் போட்டு, பதினைந்து நிமிஷம் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு முறை போட வேண்டும். தெளிந்தபின் வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

பெண்களின் பாடு வேறு. அவர்கள் பத்தியம் தவறுவது விருந்தில் அல்ல, அடுப்படியில். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சிய சோறு, குழந்தை பாதியில் வைத்த பிஸ்கட், கொட்ட மனமில்லாத பாயசம். வீணாக்கக் கூடாது என்று தின்பதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை, அவர்கள் உட்பட. வீட்டு ஆண்கள் ஒரு பிடி அரிசி குறைத்துப் போடச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

விருந்துக்குப் போகும் நாளில் செய்யக்கூடியது அதிகமில்லை. முதலில் பொரியலும் கூட்டும் பருப்பும் சாப்பிட்டுப் பிறகு சோற்றில் கை வைத்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இனிப்பில் எது நிஜமாகப் பிடிக்குமோ அதில் ஒன்று. மற்றதை மரியாதைக்காகத் தின்ன வேண்டியதில்லை. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடக்கலாம். மாத்திரை வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு. வீட்டில் சோதனைக் கருவி இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து, எந்தப் பண்டம் எவ்வளவு ஏற்றியது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தண்டனைக்காக அல்ல, அடுத்த விருந்துக்கு உதவும். எண் 300-ஐத் தாண்டி இறங்காமல் நின்றாலோ, வாந்தி, அடங்காத தாகம் என்று வந்தாலோ மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்வதிலும் ஒரு சுயநலம் இருக்கிறது. கல்யாண வாரத்தை மறைத்தால், மருந்து போதவில்லை என்று அவர் அளவைக் கூட்டிவிடுவார். கல்யாணம் முடிந்து சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அதே மருந்து ஆளைக் கீழே தள்ளும். டாக்டர்களும் உண்மை பேசுகிறவனை நாலு பேர் முன் வையாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. தாராவி 90 அடி ரோட்டில் நம் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவது ஊரறிந்த காட்சி. அதை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்துகிறவர்கள் அதைப் பண்டிகைக்கு முன்னால் நடத்தாமல் பின்னால் நடத்தலாம். தையில் பொங்கல் என்றால் மாசியில் முகாம். முடிவை மேடையருகில் உரக்கப் படிக்காமல், மடித்த சீட்டில் கையில் கொடுத்தால் கூட்டம் அதிகம் வரும்.