கத்தாரில் மீண்டும் பந்தாட்டம்: பழைய கணக்கு என்ன ஆயிற்று?

பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கால்பந்தாட்டப் போட்டியை 2025 முதல் 2029 வரை ஐந்து ஆண்டுகளும் கத்தார் நாடே நடத்தும் என்று, உலகக் கால்பந்தாட்டத்தை ஆளும் ஃபிஃபா 2024 மார்ச்சில் முடிவு செய்தது. முன்பெல்லாம் ஈராண்டுக்கு ஒருமுறை, முறைக்கொரு நாட்டில் நடந்த போட்டி இது. 2017-இல் நம் நாட்டிலும் நடந்தது. இங்கே நவி மும்பை டி.ஒய். பாட்டீல் அரங்கிலும் ஆட்டங்கள் நடந்தன. இப்போது ஆண்டுதோறும் போட்டி; 24 அணிகளுக்குப் பதில் 48 அணிகள்; இடம் மட்டும் மாறாது. ஐந்தில் முதல் போட்டி 2025 நவம்பரில் முடிந்தது. ஆஸ்திரியாவை 1-0 என்ற கணக்கில் வென்று போர்ச்சுகல் பிள்ளைகள் கோப்பையைக் கொண்டுபோனார்கள். இனி வரவேண்டிய போட்டிகளுக்கும் அதே மண்ணைத்தான் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஆடவரும் பிள்ளைகள்மீது நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. பந்தாட்டத்தின் மீதும் இல்லை. மாலையில் ஒரு பந்து கிடைத்தால் செருப்பைக் கழற்றிப் போட்டுக் கோல்கம்பம் வைத்துக்கொள்ளும் தாராவிப் பிள்ளைகளின் தகப்பன்மார் படிக்கும் பத்திரிகை இது. ஆனால் ஐந்து ஆண்டு விருந்தை ஒரே வீட்டில் வைப்பதென்றால், சென்ற விருந்துக்கு உழைத்தவர்களின் கூலி பாக்கியை அந்த வீட்டுக்காரர் தீர்த்துவிட்டாரா என்று கேட்பது ஊர் வழக்கம். அந்தக் கேள்வியை ஃபிஃபா கேட்கவில்லை. நம் அரசும் கேட்கவில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

நமக்கென்ன உரிமை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கத்தாரில் வாழும் இந்தியர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டுக் குடிமக்களைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். அங்கே எழும்பியிருக்கும் சாலை, ரயில், ஓட்டல், பந்தாட்ட அரங்கம் எதுவானாலும் அதில் மலையாளியின் வியர்வையும் தெலுங்கனின் வியர்வையும் பீகாரியின் வியர்வையும் தமிழனின் வியர்வையும் கலந்திருக்கிறது. நேபாளியும் வங்காளதேசத்தவரும் பாகிஸ்தானியரும் இலங்கையரும் தோளோடு தோள் நின்றிருக்கிறார்கள். வளைகுடாவுக்கு ஆள் எடுத்த ஏஜெண்டுகளின் பழைய சந்தையே நம் பம்பாய்தான். இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நிலத்தை அடகு வைத்து வந்து, விசாவுக்காக இங்கே லாட்ஜுகளில் காத்துக் கிடந்தவர்களை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள்.

2022-இன் பெரிய உலகக் கோப்பை கத்தாருக்கு 2010 டிசம்பரில் ஒதுக்கப்பட்டது. அன்று தொடங்கிய கட்டுமானம் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. அந்தப் பத்தாண்டில் இந்தியா, நேபாளம், வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்தவர்களில் 6,500-க்கும் மேற்பட்டோர் கத்தாரில் இறந்திருக்கிறார்கள் என்று லண்டன் ‘கார்டியன்’ ஏடு 2021 பிப்ரவரியில் எழுதியது. இதில் இந்தியர் மட்டும் 2,711 பேர்.

இந்த எண்ணிக்கையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இவர்கள் அத்தனை பேரும் அரங்கம் கட்டும்போது விழுந்து இறந்தவர்கள் அல்லர். டிரைவர் உண்டு, காவலாளி உண்டு, நோயில் இறந்தவரும் உண்டு. மேடையில் பேசுகிற சிலர் ‘6,500 பேரைப் பலி கொண்ட அரங்கங்கள்’ என்று முழங்குவது கைதட்டலுக்கு உதவும்; கணக்குக் கேட்க உதவாது. எதிராளி அந்த ஒரு மிகையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் தள்ளிவிடுவான். கத்தாரின் போட்டி அமைப்புக் குழு சொன்ன கணக்கோ வேறு துருவத்தில் நிற்கிறது: அரங்கப் பணிகளில் வேலை காரணமாக இறந்தவர்கள் மூவர், வேறு காரணங்களால் 37 பேர். அதே குழுவின் தலைமைச் செயலாளர் ஹசன் அல் தவாடி 2022 நவம்பரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், நானூறிலிருந்து ஐநூறு பேர்வரை இறந்திருக்கலாம் என்றார். அது நாடு முழுவதற்குமான எண்ணிக்கை என்று பிறகு விளக்கம் வந்தது. மூன்றா, நானூறா, ஆறாயிரமா? இவ்வளவு அகலமான இடைவெளி எப்படி வந்தது?

அதற்கான விடை ‘இயற்கை மரணம்’ என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது.

கார்டியன் திரட்டிய கணக்கின்படி, இறந்த இந்தியர்களில் நூற்றுக்கு 80 பேரின் சான்றிதழில் மரணம் இயற்கையானது என்றே எழுதப்பட்டிருந்தது. இதயம் நின்றது, மூச்சு நின்றது; அவ்வளவுதான். இதயம் நிற்காமல் எவன் இறந்திருக்கிறான்? ஏன் நின்றது என்பதல்லவா கேள்வி? இந்தியாவை விட்டுப் புறப்படுமுன் மருத்துவச் சோதனையில் தேறியவன், இருபத்தெட்டோ முப்பதோ வயதுக்காரன், நாள் முழுதும் வெயிலில் கம்பி கட்டிவிட்டு இரவு முகாமில் படுத்தவன், காலையில் எழவில்லை. பிணப்பரிசோதனை கிடையாது. இயற்கை என்று எழுதி, பெட்டியில் வைத்து, விமானம் ஏற்றிவிடுகிறார்கள்.

அந்த இரண்டு சொற்கள் செய்கிற வேலையைப் பாருங்கள். கத்தாரின் தொழிலாளர் சட்டப்படி, வேலையால் நேர்ந்த மரணத்துக்கே முதலாளி இழப்பீடு கொடுக்கக் கடமைப்பட்டவன். இயற்கை மரணம் என்றால் அந்தக் கதவு சாத்தப்படுகிறது. சரி, நம் நாட்டுக் கதவையாவது தட்டலாம் என்று வந்தால், குடியேற்ற அனுமதி முத்திரை பெற்றுப் போகும் தொழிலாளர்கள் கட்டாயம் எடுக்க வேண்டிய ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற காப்பீடு இருக்கிறது. சில நூறு ரூபாய் கட்டினால் பத்து லட்ச ரூபாய். ஆனால் அந்தப் பத்து லட்சமும் விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தரமாக முடமானால்தான். இயற்கை மரணமா? இந்தக் கதவும் சாத்தப்படுகிறது. தோஹாவில் ஒரு குமாஸ்தா எழுதிய இரண்டு சொற்கள், இரண்டு நாட்டுச் சட்டங்களையும் ஒரே பூட்டில் பூட்டிவிடுகின்றன. விதவையின் கையில் மிஞ்சுவது ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் மட்டுமே.

இது தெரியாமல் நடந்த பிழையும் அன்று. கத்தார் அரசே அமர்த்திய டி.எல்.ஏ. பைப்பர் என்ற சர்வதேச வழக்கறிஞர் நிறுவனம், திடீர் மரணங்களில் பிணப்பரிசோதனை செய்யச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று 2014-லேயே எழுதிக் கொடுத்தது. கட்டுமானம் அப்போதுதான் வேகம் பிடித்த நேரம். 2019-இல் ‘கார்டியாலஜி’ என்ற மருத்துவ ஏட்டில் வந்த ஓர் ஆய்வு, 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களின் பதிவுகளை வெயிலின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இதயக் கோளாறு என்று எழுதப்பட்ட 571 மரணங்களில் 200 வரை தடுத்திருக்கக் கூடியவை, வெயிலிலிருந்து காப்பாற்றியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றது. இயற்கை என்றால் இதுவா இயற்கை? கோடை வெயில் இயற்கை. அந்த வெயிலில் ஒருவனை நிற்க வைத்தது இயற்கையா?

இன்னொரு மரணத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017 ஜனவரியில் தோஹாவின் கலீஃபா அரங்கைப் புதுப்பிக்கும் வேலையில், உயரத்திலிருந்து விழுந்து பிரிட்டன் நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். உடல் இங்கிலாந்து வந்தது. அந்த நாட்டு வழக்கப்படி, வெளிநாட்டில் இறந்தாலும், சந்தேகத்துக்கு இடமிருந்தால் மரண விசாரணை அதிகாரி விசாரித்தே தீர வேண்டும். 2018-இல் விசாரணை நடந்தது. உயிரைப் பறிக்கக் கூடிய கருவியை நம்பி வேலை செய்யும்படி தொழிலாளர்களை வைத்திருந்தார்கள், இது மேலாளர்களுக்குத் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த அதிகாரி பதிவு செய்தார். 2025 இளைஞர் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது அதே கலீஃபா அரங்கில்தான். வெள்ளைக்காரத் தொழிலாளியின் உயிர் நம் தொழிலாளியின் உயிரைவிட உயர்ந்தது என்று கத்தார் சொல்லவில்லை. அவன் நாடு விசாரித்தது. நம் நாடு விசாரிக்கவில்லை. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

ஃபிஃபாவிடம் பணம் இல்லையா? 2022-இல் முடிந்த நான்காண்டுக் கணக்கில் அதற்கு வந்த வருமானம் ஏறத்தாழ 750 கோடி டாலர். அந்த உலகக் கோப்பையின் பரிசுப் பணம் 44 கோடி டாலர்; அதே அளவு தொகையைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள் என்று ஆம்னெஸ்டி உள்ளிட்ட மனித உரிமை அமைப்புகள் கேட்டன. 2024 நவம்பரில் ஃபிஃபா அறிவித்தது ஐந்து கோடி டாலர். அதுவும் யாருக்கு? உலக சுகாதார நிறுவனம், உலக வர்த்தக நிறுவனம், ஐ.நா. அகதிகள் ஆணையம் ஆகியவற்றோடு சேர்ந்து நடத்தும் திட்டங்களுக்கு. நல்ல காரியங்கள்தாம், குறை சொல்லவில்லை. ஆனால் கொத்தனார் குடும்பத்துக்குத் தரவேண்டியதைக் கோவில் உண்டியலில் போட்டுவிட்டு, தர்மம் செய்தேன் என்றால் கடன் தீர்ந்துவிடுமா? தொழிலாளர்களுக்கு நிவாரணம் அளிக்க ஃபிஃபாவுக்கும் பொறுப்புண்டு என்று, ஃபிஃபாவே கேட்டு வாங்கிய ஆய்வறிக்கை அதே வாரத்தில்தான் வெளிவந்தது.

நியாயமாகப் பேசவேண்டும். கத்தார் ஒன்றுமே செய்யவில்லை என்பது பொய். முதலாளியின் சம்மதமில்லாமல் வேலை மாற முடியாது என்றிருந்த கஃபாலா முறையின் முக்கிய முடிச்சுகளை 2020-இல் சட்டப்படி அவிழ்த்தார்கள். 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். தங்கவும் உண்ணவும் முதலாளி வசதி செய்யாவிட்டால் மேலும் 800 ரியால். ஜூன் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை மூன்றரை வரை வெட்டவெளியில் வேலை கூடாது. இவையெல்லாம் முக்கியமான சட்டங்கள். உலகத்தின் கண் தங்கள் மேல் இருந்ததால் வந்த சட்டங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் ஆண்டைப் பாருங்கள்: 2020, 2021. அரங்கங்கள் பெரும்பாலும் எழும்பி முடிந்த பிறகு. முன்னே இறந்தவனுக்கு இந்தச் சட்டம் எதைத் திருப்பித் தரும்?

‘இளைஞர் போட்டிக்குப் புதிதாக அரங்கம் எதுவும் கட்டவில்லையே, இப்போது ஏன் இந்தப் பேச்சு?’ என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். 2025-இல் 104 ஆட்டங்களும் ஆஸ்பயர் வளாகத்தின் மைதானங்களிலும் கலீஃபா அரங்கிலும் முடிந்துவிட்டன. எல்லாம் ஏற்கெனவே கட்டியவை. கட்டியவனின் கணக்கை முடிக்காமல் கட்டடத்தை ஐந்தாண்டு வாடகைக்கு விடுகிறார்கள் என்பதே நம் வழக்கு.

போட்டியைப் புறக்கணியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. புறக்கணிப்பால் அங்கே வேலை செய்யும் நம்மவனுக்கு ஒரு வேளைச் சோறுகூட அதிகம் கிடைக்காது. கண்ணூர்ப் பெற்றோருக்குப் பிறந்து கத்தாரில் வளர்ந்த தஹ்சின் ஜம்ஷித் என்ற இளைஞன், ஆஸ்பயர் பள்ளியில் பயின்று, 2024-இல் கத்தார் தேசிய அணிக்கே ஆடினான். குடியேறியவன் வீட்டுப் பிள்ளை அந்தச் சட்டையைப் போட்டதில் நமக்கும் மகிழ்ச்சிதான். மகிழ்ச்சி வேறு, கணக்கு வேறு.

நாம் கேட்பதில் பெரிய பங்கு தோஹாவிடம் அல்ல, டில்லியிடம். இறந்த இந்தியனின் உடலை விமானம் ஏற்ற நம் தூதரகத்தின் ஆட்சேபமில்லாச் சான்று வேண்டும். அந்தச் சான்று நம் கையில் இருக்கிறது. வேலை செய்யும் வயதில் உள்ளவன் திடீரென இறந்தால், காரணம் என்ன, எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்தான், மருத்துவர் எதைச் சோதித்தார் என்று எழுத்தில் கேட்காமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்று தூதரகம் வைத்துக்கொள்ளட்டும். இதற்கு நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் ஓர் உத்தரவு போதும்.

உடல் தாமதமாகுமே என்பார்கள். தாமதம் கொடுமைதான், ஊரில் தாய் சோறு தண்ணீர் இல்லாமல் காத்திருப்பாள். ஆகவே பரிசோதனை வேண்டுமா என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும். ஆனால் அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதையும், அதை விட்டால் எதை இழப்பார்கள் என்பதையும் அவர்கள் மொழியில், தமிழனுக்குத் தமிழில், யாராவது சொல்லவேண்டும். உடலைப் பதப்படுத்திய பிறகு சில சோதனைகள் பலிக்காது; ஆகவே அங்கேயே, அதற்கு முன்பே கேட்கவேண்டும். காப்பீட்டிலும் ஒரு திருத்தம்: பிணப்பரிசோதனை இல்லாமல் ‘இயற்கை’ என்று எழுதப்பட்ட மரணத்தை விபத்தாகவே கருதிப் பத்து லட்சத்தைக் கொடுக்கட்டும். காரணம் தெரியவில்லை என்றால் அந்தச் சந்தேகத்தின் பலன் கம்பெனிக்கு ஏன் போகவேண்டும்?

இதற்கு அவசரம் உண்டு. 2034-இன் உலகக் கோப்பை சவூதி அரேபியாவுக்கு என்று 2024 டிசம்பரில் முடிவாகிவிட்டது. கத்தாரைவிடப் பலமடங்கு பெரிய நாடு. அங்கே பல புதிய அரங்கங்கள் எழும்ப வேண்டும். அவற்றுக்கான ஆட்களை இந்த நகரத்து ஏஜெண்டுகளும் எடுப்பார்கள். நம் தெருவிலிருந்தும் போவார்கள். போகிறவன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் நகலும் காப்பீட்டுத் தாளும் வீட்டில் ஒன்று இருக்கட்டும். குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகத்துக்கு நம் சங்கம் எழுதும் மனுவில், சென்ற பத்தாண்டில் வளைகுடாவில் உறவினரை இழந்த குடும்பங்கள் தங்களிடமுள்ள மரணச் சான்றிதழில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது என்பதைச் சேர்த்து அனுப்பவேண்டும். அடுத்த போட்டிக்காகத் தோஹாவில் பந்து உருளுமுன் அந்த மனு டில்லி போய்ச் சேரவேண்டும்.