எத்தனை இலை?

கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசப் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை இலை?' அதற்கப்புறம்தான் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை எல்லாம். பந்தி பாதியில் 'சாதம் தீர்ந்துபோச்சு' என்று கையை விரிப்பவரை அடுத்த முகூர்த்தத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பயமே கிடையாது.

நீங்கள் பயன்படுத்தும் புரோகிராம்கள் எல்லாம் யாரோ எழுதிய வரிகளாகப் பிறந்து, கம்பைலரில் அரைபட்டுத்தான் கம்ப்யூட்டருக்குப் புரியும் மாவாகின்றன. பெரிய புரோகிராம் என்றால் அரைப்பதற்கு டிஸ்க்கில் இடமும் மெமரியும் எக்கச்சக்கமாக வேண்டும். எவ்வளவு என்று முதலிலேயே சொல்வது மரியாதை. பலர் சொல்வதில்லை. நாலு மணி நேரம் ஓடியபின், துண்டுகளை ஒட்டும் 'லிங்க்கிங்' கட்டத்தில் மெமரி தீரும். லினக்ஸ் என்றால், ஓடிக்கொண்டிருப்பதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். திரையில் 'கில்டு' என்று ஒரு வார்த்தை. கொன்றது யார், எதற்கு? மூச்!

'ராம் வாங்கிப் போடுங்க சார்' என்பார்கள், ஏதோ கொத்தமல்லி வாங்கச் சொல்வதுபோல. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுத ஆரம்பித்தது 4 எம்.பி. மெமரி கொண்ட 386 கம்ப்யூட்டரில். இன்று ஆண்ட்ராய்டைக் கம்பைல் செய்ய கூகுள் கேட்பது 64 ஜி.பி. மெமரி, 400 ஜி.பி. காலி இடம். மெமரி மட்டும் பதினாறாயிரம் மடங்கு! அவர்களின் 72 கோர் மெஷினில் 40 நிமிஷ வேலை, 6 கோர் மெஷினில் சுமார் 6 மணி நேரம். யானைத் தீனிதான். ஆனாலும் பாராட்டுகிறேன். இலைக் கணக்கை வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்களே!

ஜென்டூ லினக்ஸ் இன்னும் ஒரு படி மேல். எவ்வளவு இடம், எவ்வளவு மெமரி என்பதை ஒவ்வொரு பெரிய பாக்கேஜின் செய்முறையிலேயே எழுதிவைக்கலாம். ஆரம்பிக்கும் முன் உங்கள் மெஷினைச் சோதித்து, 'பத்தாது' என்று சொல்லிவிடும். ஒரே சமயத்தில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் 2 ஜி.பி. என்று அதன் கையேடு கணக்கும் தருகிறது. எட்டு கோர் இருந்தாலும் 8 ஜி.பி.தான் மெமரி என்றால், நாலு வேலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதைச் சொல்ல ராக்கெட் சயன்ஸ் வேண்டாம்.

எதற்கு வம்பு என்று நம்பரைக் கூட்டிப் போடுகிறவர்களும் உண்டு. 6 ஜி.பி. போதுமான இடத்தில் 30 என்று எழுதினால், பழைய லேப்டாப் வைத்திருக்கும் மாணவன் முயற்சியே பண்ண மாட்டான். அதுவும் பொய்தான். அளந்து பார்த்து எழுதுங்களய்யா!

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? ஓப்பன் சோர்ஸின் உயிரே, எழுதியதைப் படிக்கலாம், மாற்றலாம் என்னும் சுதந்திரம்தான். மாற்றியதைக் கம்பைல் பண்ணிப் பார்க்க வழியில்லாதவனுக்கு அந்தச் சுதந்திரம் ஏட்டுச் சுரைக்காய். பணக்கார கம்பெனிகள் மட்டும் திருத்தக்கூடிய புரோகிராமைப் 'பொதுச்சொத்து' என்று எப்படிச் சொல்வது?

நான் கேட்பது சின்ன விஷயம். ஆபீஸ் மூலையில் ஒரு 8 ஜி.பி. மெஷின் வையுங்கள். வெளியிடுமுன் அதில் ஒரு தடவை கம்பைல் பண்ணிப் பார்த்து, ஆன கணக்கை எழுதுங்கள். முடியவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். இடமில்லை என்று வாசலிலேயே சொல்வதில் தப்பில்லை. உட்காரவைத்துவிட்டு இலையைப் பிடுங்குவதுதான் பாவம்.